பெரிய நன்கொடை எப்படி வருகிறது? கல்லூரிகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும் ஓர் எளிய விளக்கம்

"பழைய மாணவர்கள் 5,000 பேர் இருக்கிறார்கள். ஆளுக்குப் பத்தாயிரம் கொடுத்தால் 5 கோடி சேர்ந்துவிடும்." கல்லூரிக்கு நிதி திரட்டப் பேச்செடுக்கும் கூட்டங்களில் இந்தக் கணக்கை யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. அடுத்து இன்னொருவர் எழுந்து, "நம்ம தலைவருக்கு அமெரிக்காவில் நல்ல பழக்கம். அவர் ஒரு போன் போட்டால் போதும்" என்பார். இரண்டையும் நம்பி இறங்கிய நிறுவனங்கள் ஓராண்டு கழித்துப் பார்த்தால், அச்சடித்த கையேடுகள் கட்டுக்கட்டாக அலமாரியில் கிடக்கும். வங்கிக் கணக்கில் சில லட்சங்கள் இருக்கும்.

கொடுப்பவர்களின் மனத்தில் குறை இல்லை. நன்கொடை எப்படி வருகிறது என்பதைப் பற்றிய புரிதலில்தான் கோளாறு. தலைமையில் இருப்பவர் செய்ய வேண்டியது எது, அலுவலகம் செய்ய வேண்டியது எது, கொடுப்பவர் எதிர்பார்ப்பது எது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மொய் நோட்டு சொல்லும் பாடம்

கல்யாண வீட்டு வாசலில் மேசை போட்டு, ஒருவர் பணத்தை எண்ண, இன்னொருவர் ஊர், பெயர், தொகை என்று எழுதிக்கொண்டே போவார். பத்து வருடம் கழித்து, மொய் வைத்தவர் வீட்டில் விசேஷம் வந்தால் அந்த நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். நோட்டைத் தொடங்கிய அப்பா போய்ச் சேர்ந்திருக்கலாம். மகன் பார்த்துச் செய்வான். உறவு ஒரு ஆளுக்கும் இன்னொரு ஆளுக்கும் இடையிலானதாகத் தெரிந்தாலும், அது குடும்பத்தின் சொத்து. அதைக் காப்பாற்றுவது அந்த நோட்டு.

நன்கொடையாளர் உறவு என்பதும் இதுதான்: கொடுப்பவருக்கும் நிறுவனத்துக்கும் இடையில், ஆட்கள் மாறினாலும் அறுந்துபோகாமல் பதிவோடு நடத்தப்படும் தொடர்பு. ஒரே ஒரு வேறுபாடு. மொய் பணமாகத் திரும்பும். நன்கொடை, நடந்த வேலையின் கணக்காகத் திரும்ப வேண்டும். அந்தக் கணக்கு திரும்பாத இடத்தில் இரண்டாவது நன்கொடை வருவதில்லை.

வகுத்தல் கணக்கு ஏன் பலிக்காது

5,000 பேரில் கடிதத்துக்குப் பதில் போடுபவர்களே சில நூறு பேர்தான். பதில் போடுபவர்களிலும் ஒருவரால் ஆயிரம் முடியும், இன்னொருவரால் ஒரு கோடி முடியும். ஆளுக்குப் பத்தாயிரம் என்று சொல்லிவிட்டால், கோடி கொடுக்கக்கூடியவரும் பத்தாயிரம் கொடுத்து, கடமை முடிந்தது என்று நிம்மதியாகப் போய்விடுவார். வகுத்தல் கணக்கால் வரும் பெரிய சேதம் இதுதான்.

அனுபவமுள்ளவர்கள் வேறு மாதிரி கணக்குப் போடுவார்கள். இலக்கு 5 கோடி என்றால், முதலில் 1 கோடி கொடுக்கக்கூடிய ஒருவர் வேண்டும். 50 லட்சத்துக்கு இருவர், 20 லட்சத்துக்கு ஐவர், 10 லட்சத்துக்குப் பத்துப் பேர். ஆக 18 பேரிடமிருந்து 4 கோடி. மீதி ஒரு கோடியில் பாதி, 50,000 கொடுக்கும் நூறு பேரிடமிருந்தும், மறுபாதி சராசரி 10,000 கொடுக்கும் ஐந்நூறு பேரிடமிருந்தும் வரும். இதற்கு நன்கொடை அட்டவணை என்று பெயர். பெரும்பாலான நிதி திரட்டும் இயக்கங்களில் ஐந்தில் நான்கு பங்குப் பணம் இப்படிச் சிலரிடமிருந்துதான் வருகிறது.

கேட்கும் எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு நன்கொடைக்கு மூன்று நான்கு பேரிடம் பேச வேண்டியிருக்கும். அப்படியென்றால் மேலே சொன்ன 18 நன்கொடைக்கு 54 முதல் 72 பேர் கொண்ட பட்டியல் கையில் இருக்க வேண்டும். பட்டியலில் இருபதே பெயர்தான் தேறுகிறது என்றால் 5 கோடி என்ற இலக்கு நிறுவனத்தின் சக்திக்கு மீறியது. இலக்கை அறிவிக்கும் முன்பே இது தெரிந்துவிடுவதுதான் அட்டவணையின் பெரிய பயன்.

சிறு நன்கொடைகளைக் கழித்துவிடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. அமெரிக்கத் தொழிலதிபர் மைக்கேல் புளூம்பெர்க் 1964-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். அடுத்த ஆண்டு அவர் அனுப்பிய முதல் நன்கொடை 5 டாலர். 2018-இல் மாணவர் உதவித்தொகைக்காக அதே பல்கலைக்கழகத்துக்கு அவர் அறிவித்தது 180 கோடி டாலர். இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நிலேகனி 1973-இல் மும்பை ஐஐடியில் சேர்ந்தவர். ஐம்பதாண்டு நிறைவை ஒட்டி 2023-இல் 315 கோடி ரூபாய் கொடுத்தார். அதற்கு முன்பே 85 கோடி கொடுத்திருந்தார். பெருந்தொகை கொடுப்பவர்கள் பெரும்பாலும் முன்பே ஏதாவது கொடுத்தவர்கள்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: உறவு நிறுவனத்துக்குச் சொந்தம், பதிவு அதன் உயிர். பணம் சிலரிடமிருந்து அதிகமாகவும் பலரிடமிருந்து கொஞ்சமாகவும் வரும். அந்தச் சிலர் நாளை அந்தப் பலரிலிருந்துதான் வருவார்கள்.

தலைமை முதலில் தன் பையில் கை வைக்க வேண்டும்

தலைமை என்று இங்கே சொல்வது அறங்காவலர் குழுவையும், முதல்வர், துணைவேந்தர், நிர்வாக இயக்குநர் போன்ற பொறுப்பில் இருப்பவரையும். பெரிய நன்கொடையாளர் வெளிப்படையாகவோ மனத்துக்குள்ளோ கேட்கும் முதல் கேள்வி: "உங்கள் அறங்காவலர்கள் என்ன கொடுத்தார்கள்?" எல்லா அறங்காவலரும் அவரவர் வசதிக்கேற்ப ஏதாவது கொடுத்திருக்க வேண்டும். தொகை இரண்டாம் பட்சம். ஒருவர் விட்டாலும் பதில் சொல்வது கஷ்டம்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை, அதாவது தமிழுக்கென்று ஒரு நிரந்தரப் பேராசிரியர் பதவி, அமைக்கத் திரட்ட வேண்டியிருந்தது 60 லட்சம் டாலர். அந்த முயற்சியைத் தொடங்கிய மருத்துவர்கள் விஜய் ஜானகிராமன், எஸ்.டி. சம்பந்தம் இருவரும் ஆளுக்கு 5 லட்சம் டாலர் தாங்களே தருவதாக முன்வந்த பிறகுதான் ஊரைக் கேட்டார்கள். பின்னால் தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. உலகெங்கும் இருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் கொடுத்தார்கள். 2018-இல் இலக்கு நிறைந்தது. முதலில் ஆறில் ஒரு பங்கு கையிருப்பில் தெரிந்ததால் மற்றவர்களுக்கு நம்பிக்கை வந்தது.

கேட்பதற்கு முன்னால் நடக்கும் வேலை

முதல் சந்திப்பிலிருந்து பெரிய நன்கொடை கையெழுத்தாக ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை பிடிக்கும். யார் கொடுக்கக்கூடும் என்று கண்டறிவதும், அவருக்கு வசதியும் நம் வேலையில் ஆர்வமும் உண்டா என்று நேரில் போய்ப் பார்ப்பதும் தொடக்க வேலைகள். வசதி மட்டும் இருந்து ஆர்வம் இல்லாதவரைத் துரத்துவது வீண். ஊரிலேயே பணக்காரர் என்பதற்காகப் பட்டியலின் தலையில் ஒருவரை எழுதிவிட்டு, கல்லூரிப் பக்கமே எட்டிப் பார்க்காத அவருக்காக ஒரு வருடத்தை இழப்பது அடிக்கடி நடக்கிறது.

பிறகு வருவதுதான் நீண்ட கட்டம்: பழக்கம். ஆய்வகத்துக்கு அழைத்து வந்து மாணவர்களோடு பேசவிடுவது, ஒரு பாடத்திட்டம் பற்றி ஆலோசனை கேட்பது, அவர் படித்த துறையில் நடப்பதைச் சொல்வது. பொன்னாடை, சந்தனமாலை, மேடை நாற்காலி ஆகியவற்றால் பழக்கம் வளராது. சிறப்பு விருந்தினராக வந்தவர் இரண்டு மணி நேரம் மேடையில் உட்கார்ந்துவிட்டு ஒரு மாணவரிடம்கூடப் பேசாமல் கார் ஏறினால், அந்த நாள் வீண்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே இருக்கும் முழுநேர அலுவலர் ஒருவரிடம் சுமார் 100 முதல் 150 பேர் ஒப்படைக்கப்படுவார்கள். கல்லூரி முதல்வரால் அவ்வளவு முடியாது. இருபது முப்பது பேரைத்தான் உண்மையாகக் கவனிக்க முடியும். ஆகவே அட்டவணையின் மேல்பகுதியில் இருப்பவர்கள் மட்டும் அவர் பொறுப்பு, மற்றவர்கள் அலுவலகத்தின் பொறுப்பு என்று முதலிலேயே பிரித்துவிட வேண்டும். சென்னை ஐஐடி இந்த வேலைக்குத் தனி அலுவலகமே வைத்திருக்கிறது. 2023-24 நிதியாண்டில் பழைய மாணவர்களிடமும் நிறுவனங்களிடமும் 513 கோடி ரூபாய் திரட்டியதாக அறிவித்தது. அடுத்த சில மாதங்களில் அதன் பழைய மாணவர் கிருஷ்ணா சிவுகுலா ஒருவரே 228 கோடி கொடுத்தார். இவ்வளவு வேலையை ஒரு முதல்வரின் ஓய்வு நேரத்தில் செய்துவிட முடியாது.

கேட்கும் நேரம்

இருவர் போவது நல்லது. ஒருவர் நிறுவனத்தின் தலைவர், மற்றவர் அந்த வேலையை நேரடியாகச் செய்பவர்: துறைத்தலைவரோ மருத்துவரோ. நான்கைந்து பேர் கும்பலாகப் போனால் அவருக்குத் தன்னைச் சூழ்ந்துகொண்டது போல இருக்கும். தொகையைத் தலைவர்தான் சொல்ல வேண்டும். கீழே உள்ளவர் வாயால் வந்தால், தலைமைக்கே இதில் அக்கறை இல்லை என்று தோன்றிவிடும்.

வார்த்தைகள் இப்படி இருக்கலாம்: "ஐயா, வேதியியல் ஆய்வகத்தைப் புதுப்பிக்க 50 லட்சம் ஆகிறது. அறங்காவலர்கள் 15 லட்சம் கொடுத்துவிட்டோம். 20 லட்சத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்கத்தான் வந்தோம்." அவ்வளவுதான். இதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அவர் யோசிக்கும் அந்த அரை நிமிடத்தைத் தாங்க முடியாமல், "இல்லாவிட்டால் பத்துக்கூடப் போதும்" என்று சொல்லி பாதியை இழப்பவர்கள் ஏராளம்.

"உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்பது பணிவாகத் தோன்றும். உண்மையில் அது சுமையை அவர் தலையில் வைக்கிறது. எவ்வளவு தேவை, எவ்வளவு கொடுத்தால் பொருத்தம் என்று தெரியாமல் அவர் ஒரு சிறு தொகையைச் சொல்லி முடித்துக்கொள்வார். "யோசித்துச் சொல்கிறேன்" என்றால், அடுத்து எப்போது வரலாம் என்று தேதி கேட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும்.

பணம் எந்த வழியில் வருகிறது என்பதும் முக்கியம்

வெளிநாட்டில் இருப்பவர் என்றால் முதலில் கேட்க வேண்டியது அவருடைய குடியுரிமை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் அது உள்நாட்டு நன்கொடை. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டவர், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். பணம் புதுடெல்லி நாடாளுமன்ற வீதியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின், வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. நல்லெண்ணத்தில் யாரோ சாதாரணக் கணக்கு எண்ணை வாட்சப்பில் அனுப்பி, வந்த பணத்தால் நிறுவனமே சிக்கலில் மாட்டுவது உண்டு.

கொடுத்த பிறகு

பராமரிப்பு என்று இந்தத் துறையில் சொல்வது கட்டடப் பராமரிப்பை அல்ல. நன்கொடை வந்த பிறகு கொடுத்தவருக்கு நன்றியும் கணக்கும் போய்ச் சேருவதை. பெரும்பாலான நிறுவனங்கள் சறுக்குவது இங்கேதான்.

ரசீது இரண்டு நாளில் போக வேண்டும். ஒரு வாரத்துக்குள் தலைவரே தொலைபேசியில் பேச வேண்டும், அந்தப் பேச்சில் புதிதாக எதுவும் கேட்கக் கூடாது. ஆறு மாதத்தில் கணக்குக் கடிதம். "தங்கள் மேலான உதவிக்கு மனமார்ந்த நன்றி" என்று மட்டும் எழுதினால் அது கணக்கு ஆகாது. இப்படி எழுத வேண்டும்: "தாங்கள் கொடுத்த 20 லட்சத்தில் நச்சுப்புகையை வெளியேற்றும் கூண்டுகள் நான்கு வாங்கினோம், 10,40,000. மேசைகளும் குழாய் வேலையும் 6,15,000. மின்வேலை 2,33,000. மீதம் 1,12,000 வங்கியில் இருக்கிறது. கண்ணாடிக் கருவிகள் வாங்கத் தங்கள் சம்மதம் வேண்டும். ஜூலை முதல் வாரத்தில் முதலாமாண்டு மாணவர்கள் இங்கே செய்முறை தொடங்குகிறார்கள்."

மீதத்தைச் சொல்வதுதான் இந்தக் கடிதத்தின் உயிர். மிச்சம் இருந்ததைச் சொல்லி அனுமதி கேட்கும் நிறுவனத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வேலை தாமதமானாலும் இதே விதி: தாமதத்தை நன்கொடையாளர் நம்மிடமிருந்துதான் முதலில் கேள்விப்பட வேண்டும்.

மறுபடியும் சுருக்கமாக: நீண்ட பழக்கம், தெளிவான தொகை, சட்டப்படியான வழி, பைசா விடாத கணக்கு. இந்த வரிசையில் எது தவறினாலும் அடுத்த நன்கொடை தவறும்.

நிலைநிதி: அழியாத முதல்

என்டோமென்ட் என்று சொல்லப்படும் நிலைநிதி என்றால், முதலைத் தொடாமல் அதன் வருமானத்தை மட்டும் குறிப்பிட்ட காரியத்துக்குச் செலவிடும் நிதி. இது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலில் நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிக்க 96 ஆடுகள் விடப்பட்ட செய்தி பல இடங்களில் வருகிறது. ஆடுகளைப் பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். "சாவா மூவாப் பேராடு" என்பது கல்வெட்டின் சொல். ஆடு சாகும், குட்டி போடும். மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையாது. நெய்யாகவே அளந்ததால் விலைவாசி ஏற்றமும் விளக்கைத் தொடவில்லை.

வங்கி வைப்பு அப்படி இல்லை. கல்லூரிகளில் நடக்கும் பல அறக்கட்டளைச் சொற்பொழிவுகளைப் பாருங்கள். எப்போதோ போட்ட 25,000 ரூபாய்க்கு இன்று ஆறரை சதவீதம் என்றால் வருடத்துக்கு 1,625 ரூபாய். பேச்சாளரின் பயணச் செலவுக்கே காணாது. வட்டி முழுவதையும் ஆண்டுதோறும் செலவிட்டதால் முதல் வளரவே இல்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இதற்காகவே ஆண்டுக்கு நிலைநிதியின் 4 முதல் 5 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி வருமானத்தை மூலதனத்தோடு சேர்க்கின்றன. "ஒரு பேராசிரியருக்கு எதற்கு 60 லட்சம் டாலர்?" என்று தமிழ் இருக்கை பற்றிப் பலர் கேட்டதற்கு விடை இதில் இருக்கிறது. அந்த விகிதத்தில் 60 லட்சம் டாலர் ஆண்டுக்குத் தருவது 2.4 முதல் 3 லட்சம் டாலர். ஒரு பேராசிரியரின் சம்பளமும் அதைச் சார்ந்த செலவுகளும் என்றென்றும் அதிலிருந்து வர வேண்டும்.

இங்கே ஒரு கோடி போட்டால்? ஏழு சதவீத வட்டி 7 லட்சம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) ஊதிய விகிதத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 57,700, ஆண்டுக்கு 6,92,400. அகவிலைப்படி சேர்க்கும் முன்பே வட்டி தீர்ந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, அறக்கட்டளைகள் வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பது வருமானவரியின் பொது விதி. சில விலக்குகள் இருந்தாலும், முதலைத் தானாக வளர்ப்பது கடினம். ஆகவே தொடக்கத்திலேயே பெரிய முதலைக் கேட்க வேண்டும், அல்லது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே குடும்பத்திடம் போய் முதலைக் கூட்டித் தரக் கேட்க வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடும் தலைமை குறைவு. முதல் தொகையை வாங்கும்போதே, இது மூலதனத்துக்கு என்று கொடுப்பவரின் எழுத்துமூலமான குறிப்பையும் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு வரிக் கணக்கில் திண்டாட வேண்டியிருக்கும்.

நிபந்தனையும் மறுப்பும்

கொடுப்பவர் காரியத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாது. இருக்கைக்குப் பணம் கொடுத்தவர் பேராசிரியரை நியமிப்பதில்லை. உதவித்தொகை கொடுத்தவர் தன் உறவினர் பிள்ளைக்கு அதை ஒதுக்கச் சொல்ல முடியாது. அமெரிக்கச் செல்வந்தர் லீ பாஸ் 1991-இல் தான் படித்த யேல் பல்கலைக்கழகத்துக்கு மேற்கத்திய நாகரிகப் படிப்புக்காக 2 கோடி டாலர் கொடுத்தார். படிப்பு தொடங்காமல் இழுத்துக்கொண்டே போனது. அவர் பேராசிரியர் நியமனத்தில் தனக்கும் இடம் கேட்டார். யேல் மறுத்து, 1995-இல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மறுத்தது சரி. ஆனால் நான்கு வருடம் இழுத்தடித்ததால்தான் அந்தக் கேள்வியே வந்தது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் கசப்பானது. 1961-இல் ராபர்ட்சன் குடும்பம் 3.5 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளை, மாணவர்களை அரசுப் பணிக்குத் தயார்செய்யக் கொடுத்தது. வேறு காரியங்களுக்கும் அது செலவாகிறது என்று வாரிசுகள் 2002-இல் வழக்குத் தொடுத்தார்கள். 2008-இல் சமரசம்: குடும்பத்தின் வழக்குச் செலவுக்கு 4 கோடி டாலர், புதிய அறக்கட்டளை ஒன்றுக்கு 5 கோடி டாலர்.

ஒப்பந்தம் இரண்டு பக்கம் போதும். காரியம் எது, தவணைகள் எப்போது, பெயர் எங்கே எத்தனை ஆண்டு, கணக்கு எப்போது, அந்தக் காரியம் காலப்போக்கில் தேவையற்றுப்போனால் பணம் எதற்குத் திரும்பும். கடைசிக் கூறுதான் பெரும்பாலும் விடுபடுகிறது. தட்டச்சுப் பயிற்சிக்கென்று வைத்த நிதியை இன்று என்ன செய்வது?

யாரிடம் வாங்கக் கூடாது என்பதும் தலைமையின் முடிவு. 2019-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மீடியா லேப் என்ற ஆய்வகத்தின் இயக்குநர் ஜோய் இட்டோ பதவி விலக நேர்ந்தது, பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றிருந்த ஜெஃப்ரி எப்ஸ்டீனிடம் பணம் வாங்கியதாலும் அதை மறைத்ததாலும். "பெயர் வெளியே வர வேண்டாம்" என்று நிறுவனமே சொல்ல வேண்டிய நிலை வந்தால், அந்தப் பணத்தை வாங்கக் கூடாது.

தலைவர் மாறும்போது

தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் துணைவேந்தரின் பதவிக்காலம் மூன்று ஆண்டு. பெரிய நன்கொடைக்குப் பிடிப்பதோ இரண்டாண்டு வரை. அவர் வந்து ஆட்களைத் தெரிந்துகொள்ளவே முதல் வருடம் போய்விடும். நன்கொடை கனியும் நேரத்தில் கிளம்பிவிடுவார். ஹார்வர்டின் தலைவராக இருந்த டிரூ ஃபாஸ்ட் 2007 முதல் 2018 வரை பதினோரு ஆண்டுகள் நீடித்தார். அவர் காலத்தில் முடிந்த திரட்டலில் 960 கோடி டாலர் சேர்ந்தது. அந்த வசதி நமக்கு இல்லை. ஆகவே நமக்குத்தான் பதிவு கூடுதலாக வேண்டும்.

தலைவர் ஒருவரைச் சந்தித்துவிட்டு வந்தால் மறுநாளுக்குள் ஐந்து வரி எழுதப்பட வேண்டும்: யார் யார் இருந்தார்கள், அவர் எதைப் பற்றி ஆர்வமாகப் பேசினார், நாம் என்ன வாக்களித்தோம், அவர் என்ன சொன்னார், அடுத்த வேலை யாருடையது எந்தத் தேதிக்குள். தலைவரின் கைபேசியில் மட்டும் இருக்கும் எண்ணும் வாட்சப் உரையாடலும் அவரோடு போய்விடும். பதவி மாறும் மூன்று மாதத்துக்குள், போகிறவர் புதியவரை அழைத்துக்கொண்டு முதல் இருபது நன்கொடையாளர்களின் வீட்டுக்கு நேரில் போக வேண்டும். பழையவருக்கும் புதியவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்றால், அந்த வேலையை மூத்த அறங்காவலர் ஒருவர் ஏற்க வேண்டும். அந்த முதல் சந்திப்பில் பணம் கேட்கக் கூடாது. முந்தையவர் கொடுத்த வாக்குகளைப் பதிவிலிருந்து படித்துச் சொல்லி, அவற்றில் எது நடந்தது, எது பாக்கி என்று சொல்லிவிட்டு வர வேண்டும்.